நடுங்கியது என் கை அல்ல

பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டு முப்பது வயது ஆள் ஒருவன் பட்டறைக்குப் போனால் வண்டியைப் பார்க்கிறார்கள். அதையே எழுபத்து நான்கு வயது ஆள் போய்ச் சொன்னால் ஆளைப் பார்க்கிறார்கள். இது என் கற்பனை அல்ல. இரண்டு வருடம், மூன்று பட்டறை, 10,500 ரூபாய் செலவழித்துக் கற்றுக்கொண்டது. அதைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் பிரான்சில் இருக்கிறாள். அங்கே மூன்று மாதம் தங்கிவிட்டுத் திரும்பினோம். அந்த மூன்று மாதமும் கார் வீட்டு வாசலில் உறை போட்டு நின்றது. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை நடந்து போகிற தூரம்தான். புதுச்சேரிக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கொண்டியைத் தின்கிற காற்று கார் சக்கரத்தை விட்டுவைக்குமா? வண்டியை எடுத்த முதல் நாள் சக்கரத்தில் கரகரவென்று சத்தம். நாலைந்து தடவை பிரேக் போட்டதும் சத்தம் போய்விட்டது. துரு தேய்ந்துவிட்டது என்று நிம்மதியானேன். அதற்குப் பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி எண்பதில் போகும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் இடமும் வலமும் உதற ஆரம்பித்தது. மிதிக்காவிட்டால் ஒன்றுமில்லை.

முதல் பட்டறை: "பேடு தேஞ்சிருக்கும் ஐயா, மாத்திடலாம்." மாற்றினார்கள். 2,900 ரூபாய். நடுக்கம் கொஞ்சம் குறைந்தது மாதிரி இருந்தது, இரண்டு வாரத்தில் பழையபடி ஆனது.

இரண்டாவது இடம் டயர் கடை: "வீல் பேலன்ஸிங் அவுட்டா இருக்கும்." பேலன்ஸிங், அலைன்மென்ட், 1,100 ரூபாய். எள்ளளவும் மாற்றமில்லை.

மூன்றாவது பெரிய பட்டறை. ஏ.சி. அறையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். கம்ப்யூட்டரைக் காரில் சொருகிப் பார்த்துவிட்டு, "கோடு எதுவும் வரலை சார். ஆனா டிஸ்க் வளைஞ்சிருக்கும், ரெண்டும் மாத்தணும்" என்றார் அங்கே இருந்த இளைஞர். பேடும் சேர்த்து 6,500 ரூபாய். நடுக்கம் நின்றது! அந்தப் பட்டறையை நாலு பேரிடம் புகழ்ந்தும் சொன்னேன். பத்து மாதம், கிட்டத்தட்ட 6,000 கிலோமீட்டர் ஓடியது. பிறகு மெல்ல, முதலில் தொண்ணூறில், அப்புறம் எண்பதில், கடைசியில் எழுபதிலேயே அந்த உதறல் திரும்ப வந்தது.

மறுபடி அங்கேயே போனேன். மேஸ்திரி ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை போய்த் திரும்பினார். தெருவில் நாற்பதுக்கு மேல் போக முடியாது. இறங்கி வந்து, ரொம்ப மரியாதையாக, ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "ஐயா, டிஸ்க் புதுசு, பேடு புதுசு. வண்டியில ஒண்ணுமில்ல. தப்பா நெனைக்காதீங்க, உங்க கைதான் லேசா நடுங்குதோ என்னவோ."

பில்லில் கையெழுத்துப் போட நீட்டிய என் கையை நானே பார்த்தேன். அந்த நிமிஷம் அது நடுங்கத்தான் செய்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சென்னையிலிருக்கிற மகனிடம் சொன்னாள். அவன் அன்று ராத்திரியே போன் செய்தான். "அப்பா, இனிமே ஓட்ட வேணாம்பா. வண்டியைக் குடுத்துடலாம். எங்க போகணும்னாலும் போன்ல டாக்சி புக் பண்ணித் தர்றேன்." அன்பாகத்தான் சொன்னான். எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கும் அவர் மகன் இப்படி அன்பாகத்தான் சொன்னார். வாத்தியாரின் வண்டியிலும் பிரேக் போட்டால் உதறல். கை நடுக்கம் என்று வீட்டில் முடிவு கட்டி, வந்த விலைக்கு வண்டியை விற்றார்கள். அதுவரை வாரம் ஒருமுறை மயிலம் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர். அதற்குப் பிறகு முருகனை காலண்டரில்தான் பார்க்கிறார். அவர் கையை யாராவது சோதித்தார்களா? இல்லை. வண்டியையாவது யாராவது அளந்து பார்த்தார்களா? அதுவும் இல்லை.

மகன் வற்புறுத்தியதால் நரம்பியல் டாக்டரிடம் போனேன். அவர் கையை நீட்டச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். ஒரு காகிதத்தில் நத்தைக்கூடு மாதிரிச் சுருள் வரையச் சொன்னார். ஒரு தம்ளரிலிருந்து இன்னொரு தம்ளருக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "உங்க வயசுக்கு நல்லாவே இருக்கு. மாத்திரை எதுவும் வேணாம்" என்று அனுப்பிவிட்டார். கவனியுங்கள். சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் வாயைத் திறந்தார். இந்த இரண்டு வருடத்தில் அப்படிச் செய்த முதல் மனிதர் அவர்தான்.

அந்தச் சுருள் வரைந்த காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்து நான்கு வருடம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அதில் பெரும்பகுதி கட்டுமானப் பணிகளுக்கான பில் பார்க்கிற செக்‌ஷனில். அந்த செக்‌ஷனில் வேலை பார்த்தவர்களுக்கு எம்-புக் என்றால் என்னவென்று தெரியும். அளவுப் புத்தகம். பக்கங்களுக்கு அச்சிட்ட எண் இருக்கும். ஒரு தாளைக் கிழிக்க முடியாது. தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். நீளம், அகலம், உயரம் அதில் ஏறாமல் ஒரு பைசா பில் பாஸ் ஆகாது. ஒருமுறை பாகூர் பக்கத்து ரோடு வேலைக்கு ஜல்லி அடித்த காண்ட்ராக்டர் என் மேஜை முன்னால் நின்று கத்தினார். "லாரி வந்ததை ஊரே பார்த்துச்சு, நீ என்னய்யா அளவு கேக்கற?" ஊர் பார்த்ததற்கு எம்-புக்கில் இடம் இல்லை என்று சொல்லி ஃபைலைத் திருப்பி அனுப்பினேன். அந்தக் காலத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. அதை இங்கே எழுதுவதற்கில்லை.

அப்படிப்பட்ட நான், 'தேய்ந்திருக்கும்', 'அவுட்டாக இருக்கும்', 'வளைந்திருக்கும்' என்று மூன்று 'இருக்கும்'களை நம்பி மூன்று பில்லை மறுபேச்சில்லாமல் பாஸ் செய்திருக்கிறேன். எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்தது, எவ்வளவு வளைந்தது என்று ஒருவரையும் கேட்கவில்லை. சொந்தப் பணம் என்றால் இவ்வளவு அலட்சியமா?

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் ஆரம்பப் பள்ளியில் பெருக்கல் கணக்குப் போட்டு விடையைக் காட்டினால் முசே அதைப் பார்க்கவே மாட்டார். 'ப்ரேவ் பார் நெஃப்' எங்கே என்பார். ஒன்பதால் சரிபார்ப்பது. இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதுகளைத் தள்ளி, பெருக்கல் குறி மாதிரி ஒரு சிலுவை போட்டு நாலு மூலையிலும் எண்ணை நிரப்பிக் காட்ட வேண்டும். விடை சரியாகவே இருந்தாலும் சிலுவை இல்லாவிட்டால் மண்டையில் குட்டு. சரி, என் கைக்கும் ஒரு ப்ரேவ் போட்டுப் பார்க்கலாம் என்று, எதிர் வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். இருபத்து நான்கு வயது. வாலிபால் ஆடுகிற கை. திண்டிவனம் ரோட்டில் ஆளில்லாத இடமாகப் பார்த்து, பின்னால் வண்டி எதுவும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, எண்பத்தைந்திலிருந்து நிதானமாக பிரேக் போடச் சொன்னேன். போட்டான். "தாத்தா, என்ன இப்படி ஒதறுது!" என்றான்.

சக்கரம் ஒருமுறை சுற்றினால் என் வண்டி சுமார் 1.8 மீட்டர் போகும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 12 சுற்று. சுற்றுக்கு ஒரு உதை என்றால் நொடிக்கு 12 உதை. அதுதான் நடுக்கம் போலக் கையில் தெரிகிறது. வேகம் குறையக் குறைய உதையும் தளர்ந்து, நிற்கும்போது ஒவ்வொன்றாக எண்ணக்கூட முடியும். மனிதக் கையின் நடுக்கம் ஸ்பீடோமீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு வேகம் மாற்றுமா? தெருக்கோடி வரை போய் வந்த மேஸ்திரி இதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

நான்காவது பட்டறை என்று சொல்ல முடியாது, ஒரு ஷெட். ஒரு நண்பர் சொல்லிப் போனேன். ஐம்பதைத் தாண்டிய மனிதர், லேத் பட்டறையில் தொழில் கற்றவர். பேடு என்றும் சொல்லவில்லை, டிஸ்க் என்றும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். பிரேக் போடாமல் ஓடும்போதும் உதறுகிறதா? இல்லை என்றேன். அப்படியானால் டயரும் பேலன்ஸிங்கும் இல்லை என்றார். (1,100 ரூபாய் அங்கே போயிற்று.) ஸ்டியரிங்கில் தெரிகிறதா, சீட்டுக்கு அடியில் தெரிகிறதா? ஸ்டியரிங் என்றால் முன் சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்னால் இருக்கிற டிரம் வட்டம் தப்பியிருக்கலாம். சந்தேகமாக இருந்தால், ஆளில்லாத ரோட்டில் முப்பது நாற்பதில் போகும்போது ஹேண்ட் பிரேக் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல இழுத்துப் பார்க்கலாம். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும் பிடிப்பதால், அப்போதும் அதிர்ந்தால் கோளாறு பின்னால்தான். இதை மழையில் செய்யாதீர்கள், பொத்தானை விட்டுவிட்டு இழுக்கவும் செய்யாதீர்கள். அடுத்து, ஒரு பக்கமாக வண்டி இழுக்கிறதா, ஓடி வந்து நின்றதும் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறதா என்று கேட்டார். கேலிப்பர் நகர்கிற பின்கள் துருப்பிடித்து இறுகினால் அப்படி ஆகுமாம். இன்னொன்றும் சொன்னார். அவசரமாக அழுத்தி மிதிக்கும்போது, அல்லது மணல் சிதறிய ரோட்டில், கால் மிதியில் கடகடவென்று வேகமாகத் துடித்தால் அது கோளாறே அல்ல, ஏ.பி.எஸ். வேலை செய்கிறது என்று அர்த்தம். 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களில் அது கட்டாயம். அதற்குப் பயந்து காலை எடுத்துவிடக் கூடாது.

இத்தனையும் கேட்ட பிறகுதான் ஜாக்கி போட்டார். சக்கரத்தைக் கழற்றியதும், நட்டுகளைத் திருப்பிப் போட்டு டிஸ்க்கை ஹப்போடு இறுக்கினார். ஒரு பெட்டியிலிருந்து கடிகாரம் மாதிரி ஒன்றை எடுத்து, காந்தக் காலில் நிறுத்தி, அதன் முள்ளை டிஸ்க்கின் மேல் வைத்துக் கையால் சுற்றினார். டயல் கேஜ். "பாருங்க ஐயா" என்றார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். முள் போய்ப் போய் வந்தது. 0.14 மில்லிமீட்டர்.

"எவ்ளோ வரைக்கும் இருக்கலாம் தம்பி?"

"வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும் ஐயா. பொதுவா பத்துல ஒரு பங்கு மில்லிமீட்டர தாண்டக் கூடாது. அரைவாசி இருந்தா நிம்மதி."

எனக்கு அந்த 0.14-ஐப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு வருடத்தில் என் வண்டியைப் பற்றி யாரோ சொன்ன முதல் எண் அது.

புது டிஸ்க் எப்படி இப்படி ஆட முடியும் என்று கேட்டேன். கழற்றிக் காட்டினார். டிஸ்க் நேராகத்தான் இருந்தது. அது உட்காருகிற ஹப்பின் முகத்தில் துரு, செதில் செதிலாக. அதன் மேலேயே புது டிஸ்க்கை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். ஆடுகிற பலகையின் மேல் புதுத் தட்டை வைத்தால் தட்டு ஆடாதா? ஹப் சின்ன வட்டம், டிஸ்க்கின் விளிம்பு அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி இருக்கிறது. ஹப்பில் ஒரு பக்கம் 0.05 மில்லிமீட்டர் துரு உட்கார்ந்தால் விளிம்பில் அது இரட்டிப்பாகிறது.

அப்படியானால் முதல் நாளே உதறியிருக்க வேண்டுமே, ஏன் பத்து மாதம் நன்றாக ஓடியது? இதுதான் இந்த விவகாரத்தில் எல்லோரும் ஏமாறுகிற இடம். வெறுமனே ஆடுவதால் உதறல் வருவதில்லை. டிஸ்க் ஆடும்போது கேலிப்பரும் கூடவே கொஞ்சம் நகர்ந்து கொடுக்கிறது. ஆனால் பிரேக் போடாமல் ஓடுகிறபோதும், ஆடுகிற டிஸ்க்கின் துருத்திய பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிவிட்டுப் போகிறது. அந்த இடம் மட்டும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் மெல்லத் தேய்கிறது. டிஸ்க்கின் தடிமன் ஓர் இடத்தில் ஒரு மாதிரி, இன்னோர் இடத்தில் இன்னொரு மாதிரி ஆகிறது. பிறகு பிரேக் போட்டால் தடித்த இடம் பேடுக்கு வரும்போது இறுகப் பிடிக்கிறது, மெல்லிய இடத்தில் விட்டுக்கொடுக்கிறது. பிடி, விடு, பிடி, விடு. நொடிக்குப் பன்னிரண்டு தடவை. அந்த வித்தியாசம் 0.02 மில்லிமீட்டர் இருந்தாலே கையில் தெரிந்துவிடும். தலைமயிரின் கனத்தில் பாதிகூட இல்லை. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன் என்பவரும், கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்கிறேன் என்பவரும் ஒன்றுதான். டிஸ்க்கின் தடிமனை அளக்கிற சென்சார் எதுவும் அந்தக் கம்ப்யூட்டருக்கு இல்லை. காப்பி நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

'டிஸ்க் வளைஞ்சிடுச்சு' என்கிற பேச்சுக்கும் கணக்குத் தீர்த்துவிடுகிறேன். பிரெஞ்சிலும் இதே பேச்சுத்தான். 'வுவாலே' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு வளைந்தது என்றும் பொருள், முக்காடு போட்டது என்றும் பொருள். இரண்டாவது பொருள்தான் இங்கே பொருத்தம். நம் ஊரில் சாதாரணமாக ஓடுகிற காரில் வார்ப்பிரும்புத் தட்டு அப்படிச் சுலபமாக வளைந்துவிடுவதில்லை. தடிமன் மாறுகிறது. அல்லது சூடாக இருக்கும்போது பேடின் பொருள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு திட்டாகிறது. வேகத்திலிருந்து அழுத்தி நிறுத்திவிட்டு, சிக்னலில் காலை எடுக்காமல் அழுத்தியபடியே நின்றால் அந்தத் திட்டு விழலாம். மாதக்கணக்கில் நின்ற வண்டியிலும் பேடு ஒட்டிய இடம் ஒரு மாதிரி, துருப்பிடித்த இடம் ஒரு மாதிரி ஆகலாம். என் முதல் டிஸ்க்குக்கு அப்படித்தான் ஆயிற்றோ என்று கேட்டேன். "அந்த டிஸ்க் எங்க ஐயா?" என்றார். பழைய இரும்புக்குப் போய்விட்டது. மாற்றிய பொருளைக் கையில் கேட்டு வாங்காதது என் தப்பு.

பிரான்ஸ் பென்ஷன் வாங்குகிற என் நண்பர்கள் இந்நேரம், "அங்கேயெல்லாம் இப்படி நடக்குமா?" என்று ஆரம்பித்திருப்பார்கள். நடக்கும். அங்கே 1992 முதல் கார்களுக்குக் கட்டாயச் சோதனை உண்டு. வண்டி நாலு வயதானதும் ஒருமுறை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பிரேக்கை உருளைமேல் வைத்து அளந்து, இடது வலது வித்தியாசத்தைக் காகிதத்தில் அச்சடித்துக் கையில் கொடுக்கிறார்கள். நமக்கோ சொந்தக் காருக்கு 15 வருடம் யாரும் கேட்பாரில்லை. அதில் அவர்கள் மேல். ஆனால் பட்டறைக்குப் போனால் அங்கேயும் 'வுவாலே' என்று சொல்லி இரண்டு டிஸ்க்கையும் கழற்றுகிறவர்கள் உண்டு. மருமகன் அப்படிக் கட்டிய தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து என் மனைவி அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

கதைக்கு வருகிறேன். ஹப்பைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரி காகிதத்தாலும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார். டிஸ்க்கை மாட்டி அளந்தார். 0.05. ஆட்டம் போயிற்று. தடிமனை எட்டு இடத்தில் மைக்ரோமீட்டரால் அளந்தார். வெர்னியர் வைக்கக் கூடாதாம். டிஸ்க்கின் ஓரத்தில் எழும்பி நிற்கிற துரு விளிம்பில் அதன் தாடை முட்டி, தடிமனைக் கூட்டிக் காட்டிவிடும். எட்டு இடத்துக்கும் வித்தியாசம் 0.03. குறைந்தபட்ச தடிமன் இவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருந்ததை வாசித்துக் காட்டினார். அதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் மேலேயே இருந்தது. "இதுக்குப் புது டிஸ்க் எதுக்கு ஐயா?" என்று லேத்தில் கொடுத்து இரண்டு முகத்தையும் லேசாகச் சீவி எடுத்தார். வலது சக்கரத்துக்கும் இதே சடங்கு. அங்கே துரு குறைவு.

நட்டு முடுக்கும்போதுதான் அசந்துபோனேன். டார்க் ரென்ச் வைத்திருந்தார். நட்சத்திரக் கோலம் போடுவதுபோல எதிரெதிராக, இரண்டு தவணையில் முடுக்கினார். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 80-லிருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள்தான் இருக்கும். உங்கள் வண்டியின் அளவு கையேட்டில் இருக்கிறது. பஞ்சர் கடையில் ஸ்பேனருக்குப் பைப் மாட்டி, மேலே ஏறி நின்று முடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். 'டைட்டா இருக்கட்டும் ஐயா, கழண்டா ஆபத்து' என்பார்கள். ஒரு பக்கம் அளவுக்கு மேல் இறுகினாலும் டிஸ்க் நேராக உட்காராது. பிறகு அதே கதை.

பேடுகளின் முகத்தை எமரியில் தேய்த்து மாட்டினார். அறுபதிலிருந்து இருபதுவரை, நிற்காமல், பத்துத் தடவை நிதானமாக பிரேக் போட்டுவிட்டு, பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆற விடுங்கள் என்றார். லேத் கூலி உட்பட மொத்தம் 1,350 ரூபாய்.

மற்றவர்கள் ஏன் இப்படி அளப்பதில்லை என்று கேட்டேன். டயல் கேஜ் ஒன்றும் ஆனை விலை குதிரை விலை இல்லை. அவர் சொன்ன பதில் என்னைச் சுட்டது. "அளக்கறதுக்கு யார் ஐயா காசு குடுக்கறாங்க? ஒரு மணி நேரம் அளந்து, வெறும் துருதான்னு சொல்லி ஐந்நூறு கேட்டா, 'ஒண்ணுமே மாத்தல, எதுக்கு ஐந்நூறு'ன்னு சண்டை. அதே டிஸ்க்க மாத்திட்டு ஆறாயிரம் கேட்டா, பேசாம குடுத்துட்டுப் போறாங்க. நான் என்ன பண்றது?"

உண்மை. நாம் பொருளுக்கு அசல் விலை கொடுப்போம், கூலியில் பேரம் பேசுவோம். கண்ணுக்குத் தெரிகிற இரும்புக்குக் காசு உண்டு, கண்டுபிடித்த மூளைக்குக் காசு இல்லை. அப்புறம் பட்டறைக்காரன் இரும்பை விற்காமல் என்ன செய்வான்? நான் கோபப்பட வேண்டியவர்களின் வரிசையில் முதல் ஆளாக நானே நிற்கிறேன். ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். கூலி போதவில்லை என்பதற்காக ஊகத்தைப் பில்லில் ஏற்றலாம் என்று ஆகாது. அந்த ஊகம் பொய்த்த பிறகு வாடிக்கையாளரின் வயதைக் காட்டித் தப்பிப்பது அதைவிட மோசம். எனக்குப் போனது 10,500 ரூபாயோடு போயிற்று. வாத்தியாருக்கு வண்டியே போயிற்று.

நமக்கு வயதாகிறது, கண் மங்கும், கை நடுங்கும், ஒருநாள் சாவியைக் கொடுக்கத்தான் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. கொடுக்க வேண்டிய நாள் வரும்போது டாக்டர் சொல்லட்டும், கொடுக்கிறேன். மேஸ்திரி சொல்லிக் கொடுக்க மாட்டேன். ஆகவே பட்டறைக்குப் போகிற நண்பர்களே, ரன்-அவுட் எவ்வளவு, தடிமன் எவ்வளவு, டிஸ்க்கில் பொறித்த குறைந்தபட்சம் எவ்வளவு என்று மூன்று எண்களை முதலில் கேளுங்கள். அளப்பதற்கு ஐந்நூறு தருகிறேன் என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். எண் சொல்ல மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போங்கள். சிடுமூஞ்சிக் கிழவன் என்பார்கள். எனக்குப் பழக்கமான பெயர்தான் அது, பாகூர் ஜல்லிக் காலத்திலிருந்து.

வாத்தியாரிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்னோடதும் ஸ்டியரிங்லதான் ஒதறும்" என்றார். போன வாரம் அவரையும் அம்மாவையும் என் வண்டியில் மயிலம் கூட்டிப்போய் வந்தேன். வழியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. எண்பதிலிருந்து மிதித்தேன். வாத்தியார் மாட்டைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரின் டேஷ்போர்டு டப்பாவில் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. பக்கங்களுக்கு நானே எண் போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் தேதி, கிலோமீட்டர், இடது 0.14, சுத்தம் செய்த பின் 0.05, வலது 0.06, சுத்தம் செய்த பின் 0.04, கீழே மெக்கானிக்கின் கையெழுத்து. கையெழுத்துக் கேட்டபோது அந்த மனிதர் சிரித்தார், ஆனால் போட்டார். ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி அளக்க வரச் சொல்லியிருக்கிறார். இதுவரை 3,200 ஓடியிருக்கிறது. அளந்ததும் இரண்டாம் பக்கத்தில் என்ன ஏறுகிறது என்று எழுதுகிறேன்.